கொழும்பில் நிர்வாக சபைக்கு ஆள் தேடும் சேவைகள்: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்குக் கொடுக்கக்கூடாது

பொருளாளர் மகளோடு இருக்கக் கனடாவுக்குப் போகிறார். தலைவர் இருபது வருடமாக அதே கதிரையில். ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு இன்னும் மூன்று மாதம்தான். கொழும்பிலுள்ள எத்தனையோ தொண்டு நிறுவனங்கள் இந்த நிலைக்கு வந்த பிறகுதான் புதிய சபை உறுப்பினரைத் தேடத் தொடங்குகின்றன. அந்த அவசரத்தில் கைக்கு எட்டிய வழியில் காசைப் போடுகின்றன: ஞாயிறு பத்திரிகை விளம்பரம், வேலைவாய்ப்பு இணையத்தளம், ஆட்சேர்ப்பு நிறுவனம், லிங்க்ட்இன், கம்பனிகளின் பத்திரங்களைத் தயாரித்துப் பதிவாளருக்கு அனுப்பும் கம்பனிச் செயலாளர் நிறுவனம்.

இந்த மதிப்பீடு இவற்றை ஒரே கோணத்தில் பார்க்கிறது. சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள் ஐந்து முதல் இருபது பேர், சபை உறுப்பினருக்குக் கொடுப்பனவு எதுவுமில்லை, பயனாளிகளில் பெரும்பாலோர் தமிழ் பேசுவோர். அப்படிப்பட்ட ஒரு நிறுவனத்துக்கு எது உதவும்? முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பெயர்களைத் தேடித் தருவதற்குக் காசு கொடுக்க வேண்டாம். பத்திர வேலையைப் பிழையில்லாமல் செய்து தருவதற்குத் தயங்காமல் கொடுங்கள். ஆளைச் சோதித்துப் பார்ப்பதை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள்.

எந்தச் சேவையிடம் போனாலும் அவர்கள் கேட்கும் முதற் கேள்வி, "எப்படிப்பட்ட ஆள் வேண்டும்?" என்பது. "சமூக அக்கறையுள்ள நல்ல மனிதர்" என்று சொன்னால் அதற்கேற்ற பெயர்கள்தான் வரும். நல்ல மனிதர்கள்தான், ஆனால் வங்கிக் கணக்கிணக்கக் கூற்றை (வங்கியின் பதிவையும் நிறுவனத்தின் கணக்கேட்டையும் ஒப்பிடும் தாளை) வாசிக்கத் தெரியாதவர்கள். ஆகவே விளம்பரத்துக்கு முன் ஒரு தாளில் கட்டம் போடுங்கள். இருக்கும் உறுப்பினர்களின் பெயர்கள் இடப்பக்கம் கீழாக. மேலே குறுக்காக: கணக்கு, சட்டம், நிதி திரட்டல், நிறுவனத்தின் துறை, ஆளணி முகாமை, தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் எழுதும் திறன், எந்தச் சமூகத்தோடு, எந்தப் பிரதேசத்தோடு நேரடிப் பழக்கம், பதவிக்காலம் முடியும் மாதம். வெறுமையாக நிற்கும் நிரல்தான் உங்கள் வெற்றிடம். அதிலும் கடைசி நிரலை மறக்க வேண்டாம். ஒரே மாதத்தில் நான்கு பேரின் காலம் முடிகிறது என்பது அதில்தான் தெரியவரும்.

அடுத்து, அந்த வெற்றிடத்துக்கு ஒரு பக்க விவரணம். வருடத்துக்கு எத்தனை கூட்டம், எங்கே, எத்தனை மணிக்கு, எந்த மொழியில் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். ஆறு கூட்டம், ஒவ்வொன்றும் இரண்டு மணித்தியாலம், முன்கூட்டியே ஆவணம் வாசிக்க இன்னும் இரண்டு மணித்தியாலம் என்பது நியாயமான கணக்கு. பொருளாளருக்கு இதற்கு மேல் மாதம் நான்கைந்து மணித்தியாலம் போகும். கொடுப்பனவு இல்லை என்பதையும், போக்குவரத்துச் செலவு தருவீர்களா இல்லையா என்பதையும் வெளிப்படையாக எழுதுங்கள். நிறுவனத்தின் உண்மையான சிக்கல் ஒன்றையும் அதே பக்கத்தில் சொல்லுங்கள், "பிரதான நன்கொடையாளரின் ஒப்பந்தம் மார்கழியில் முடிகிறது" என்பதுபோல. பெயருக்காக வருபவர் அந்த வரியோடு விலகிவிடுவார், வேலை செய்ய வருபவர் அதைப் பற்றித்தான் முதலில் கேட்பார்.

ஆட்சேர்ப்பு நிறுவனங்கள்

உயர்பதவிகளுக்கு ஆள் தேடும் நிறுவனங்கள் வழமையாகத் தெரிவாகும் ஆளின் ஆண்டுச் சம்பளத்தில் ஒரு வீதத்தைக் கட்டணமாக எடுப்பவை. சம்பளமே இல்லாத ஆசனத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதனால் ஒரு நிலையான தொகையைக் கேட்பார்கள், அல்லது "சமூகப் பொறுப்பாக இலவசமாகச் செய்கிறோம்" என்பார்கள். இரண்டிலும் ஒரே இடர்தான். கட்டணம் தரும் வேறு வேலை வந்தவுடன் உங்கள் கோப்பு அடியில் போய்விடும். இலவசமாகச் செய்பவரை இதற்காகக் குறை சொல்ல முடியாது. ஆனால் பொதுக்கூட்டத் திகதி அவருக்காகக் காத்திருக்காது.

இன்னொன்று, அவர்களின் தரவுத்தளம் வேலை மாற விரும்புவோரின் தரவுத்தளம். தொண்டில் ஆர்வம் உண்டா, தமிழில் கூட்டறிக்கை வாசிப்பாரா, மாதம் ஒரு சனிக்கிழமை கொட்டாஞ்சேனைக்கோ மட்டக்குளிக்கோ வருவாரா என்பதெல்லாம் அதில் பதிவாகியிருக்காது. வருபவை நல்ல சுயவிபரக் கோவைகள், ஆனால் ஒரே வார்ப்பு: கொழும்பு 3, கொழும்பு 7 அலுவலகங்கள், சந்தைப்படுத்தல் அல்லது வங்கித்துறை. நிதி திரட்டல் குழுவுக்கு ஒருவர் வேண்டுமென்றால் பயன்படலாம். பொருளாளருக்கு வேண்டாம். போவதாக இருந்தால் இரண்டு விடயத்தை எழுத்தில் வாங்குங்கள்: எத்தனை வாரத்தில் எத்தனை பெயர், தெரிவானவர் ஆறு மாதத்துக்குள் விலகினால் மாற்றாள் தருவார்களா.

பத்திரிகையும் வேலைவாய்ப்புத் தளங்களும்

வீரகேசரி, தினக்குரல், தினகரன் ஆகியவற்றின் ஞாயிறு பதிப்பில் வரும் விளம்பரத்துக்கு ஒரு நன்மை உண்டு: வெளிப்படைத்தன்மை. "தெரிந்தவர்களையே போடுகிறார்கள்" என்ற பேச்சுக்கு அது பதில். நன்கொடையாளர் சிலர் திறந்த அழைப்பு நடந்ததற்கான ஆதாரத்தையும் கேட்பார்கள். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். சபை உறுப்பினர் என்ற சொல்லைப் பார்த்தவுடன் வேலை என்று நினைத்து, படிப்பு முடித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகள் விண்ணப்பிக்கிறார்கள். அவர்களுக்கும் வீண் நம்பிக்கை, உங்களுக்கும் வீண் வேலை. இதைத் தவிர்க்க முதல் வரியிலேயே, தலைப்பின் அளவு எழுத்தில், "இது சம்பளமற்ற பொறுப்பு" என்று போடுங்கள். கட்டம் போட்ட விளம்பரத்துக்கு இடத்தின் அளவைப் பொறுத்துக் கட்டணம் என்பதால் நிறுவனத்தின் வரலாற்றை அதில் எழுதத் தேவையில்லை. வெற்றிடம், சம்பளமற்றது என்ற குறிப்பு, இறுதித் திகதி, மின்னஞ்சல், முழு விவரணம் கிடைக்கும் இணைப்பு போதும். தனிப்பட்ட கைத்தொலைபேசி இலக்கம் வேண்டாம். இரண்டு வாரம் அவகாசம் கொடுங்கள்.

வேலைவாய்ப்புத் தளங்களுக்கும் இதே குறைதான், இன்னும் கூடுதலான அளவில். காசுக்குப் பெறுமதியில்லை.

லிங்க்ட்இன்

இலவசக் கணக்கே போதும். வெற்றிடத்தைப் பதியும்போது தொழில் வகையில் தன்னார்வம் என்பதைத் தெரிவுசெய்யாமல் விடுவதுதான் பெரும்பாலோர் விடும் பிழை. முழுநேரம் என்று பதிவாகிவிட்டால் பத்திரிகையில் நடந்ததே இங்கும் நடக்கும். பதிவதைவிடத் தேடுவதுதான் பலன் தரும். இடம் கொழும்பு, தொழில் தகைமை, படித்த பாடசாலை என்று வடிகட்டினால் அரை மணித்தியாலத்தில் நாற்பது பெயர் பார்க்கலாம். இலவசக் கணக்கில் தேடலுக்கு மாத எல்லை ஒன்று உண்டு. ஆகவே ஒரே நாளில் கண்டபடி தேடி அதைத் தீர்த்துவிடாமல், கட்டத்தில் வெறுமையான நிரலை மட்டும் தேடுங்கள்.

அழைப்போடு அனுப்பும் குறிப்பைத் தமிழில் எழுதுவது நல்லது. யார் தமிழில் பதில் போடுகிறார் என்பதே முதற் சோதனை. ஆனால் ஒரு நுட்பம் இருக்கிறது. கணினி தமிழ் உயிர்மெய்யை மெய்யும் குறியுமாகப் பிரித்து எண்ணும். "நிர்வாக சபை" என்பது நமக்கு இடைவெளியோடு ஏழு எழுத்து, கணினிக்குப் பதினொன்று. குறிப்புக்கான 200 எழுத்து எல்லைக்குள் அடக்க வேண்டுமென்றால் தமிழில் இரண்டு சிறு வாக்கியந்தான் வரும். நிறுவனத்தின் பெயர், எந்தப் பொறுப்பு, 20 நிமிடம் பேச முடியுமா. அவ்வளவே.

தொழில்சார் அமைப்புகள்: பொருளாளர் கிடைக்கும் இடம்

கொழும்பில் நல்ல பொருளாளர் கிடைக்க அதிக வாய்ப்புள்ள வழி கணக்காளர் வட்டாரந்தான். மலலசேகர மாவத்தையிலுள்ள இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவகத்தின் உறுப்பினர்கள், சீமா, ஏசிசிஏ தகைமை பெற்றவர்கள் ஆகியோருக்குள் தேட வேண்டும். செலவு ஒரு கடிதம், சில தொலைபேசி அழைப்புகள். ஐந்து முதல் பன்னிரண்டு வருட அனுபவமுள்ளவர்கள் பொருத்தம். அதற்குக் கீழே உள்ளவர்களுக்குப் பரீட்சைச் சுமை இன்னும் தீர்ந்திருக்காது. மேலே உள்ளவர்கள் பெயரைத் தருவார்கள், நேரத்தைத் தர முடியாது.

காலம் முக்கியம். இலங்கையில் நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது, வருமான வரி விவரத்திரட்டுக்குக் கடைசி நாள் நவம்பர் 30. ஏப்ரல் முதல் யூன் வரையும், ஒக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் முடியும் வரையும் கணக்காளருக்கு எழுதினால் பதில் வராது. அக்கறையில்லாததால் அல்ல, மூச்சுவிட நேரமில்லாததால். தைப்பொங்கல் முடிந்து மார்ச் நடுப்பகுதி வரை ஒரு சாளரம், யூலை பிற்பகுதியிலிருந்து செப்டெம்பர் வரை இன்னொன்று.

இந்த வழியில் அடிக்கடி இடறுவது கணக்காய்வுச் சுயாதீனம். உங்கள் கணக்கை ஆய்வு செய்யும் நிறுவனத்தில் பங்காளராகவோ ஊழியராகவோ இருப்பவர் உங்கள் சபையில் அமர்ந்தால் அந்த நிறுவனம் உங்கள் கணக்காய்வாளராகத் தொடர முடியாது. ஆகவே பேச்சைத் தொடங்கும்போதே எங்கே வேலை செய்கிறார் என்று கேளுங்கள். வேறு கணக்காய்வு நிறுவனமென்றாலும் அவர் மேலிடத்தின் எழுத்து மூல அனுமதி பெற வேண்டியிருக்கும். அதற்கு வாரக்கணக்கில் போகலாம். கம்பனிகளிலும் வங்கிகளிலும் உள்ளகக் கணக்காளராக இருப்பவர்களிடம் இந்தச் சிக்கல் குறைவு, தொழில்தருநரின் சம்மதக் கடிதம் மட்டும் வேண்டும். அரச உத்தியோகத்தர் என்றால் தாபன விதிக்கோவைப்படி திணைக்களத்தின் அனுமதி பெற்றாரா என்று பாருங்கள். வாய்ப்பேச்சை ஏற்க வேண்டாம்.

தகைமை மட்டும் போதாது. தனியார் கம்பனிக் கணக்கில் கெட்டிக்காரரான ஒருவர் தொண்டு நிறுவனக் கணக்கில் தடுமாறலாம். பட்டயக் கணக்காளர் நிறுவகம் இலாப நோக்கற்ற நிறுவனங்களுக்கெனத் தனியான நடைமுறைக் கூற்று ஒன்றை வெளியிட்டிருக்கிறது. அதைப் பார்த்திருக்கிறாரா என்று கேளுங்கள். 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம், அரச சார்பற்ற நிறுவனம் நன்கொடையாகப் பெறும் தொகையில் 3 சதவீதத்தை வரிக்குரிய வருமானமாகக் கொள்கிறது. இதை அறிந்தவர் உங்கள் இடத்துக்கு அண்மையில் நிற்பவர். எல்லாவற்றிலும் சிறந்த கேள்வி இது: "பாடசாலை உபகரணத்துக்கென்று தந்த நன்கொடையை இந்த மாதச் சம்பளத்துக்கு எடுத்துவிட்டு அடுத்த மாதம் திருப்பி வைக்கலாமா?" வேண்டாம் என்று சொல்வதோடு, யாரிடம் எழுத்தில் அனுமதி கேட்க வேண்டும் என்றும் சொல்பவரை விட்டுவிடாதீர்கள்.

சட்டத்தரணிகளைத் தேடுவோருக்கு ஒரு குறிப்பு. சபையில் இருந்துகொண்டே நிறுவனத்தின் உறுதிகளையும் வழக்குகளையும் கட்டணத்துக்குச் செய்யும் ஏற்பாடு நலன் முரண்பாடு. முதல் நாளே பேசி, எழுதி வையுங்கள். பணிப்பாளர்களாக இருப்போருக்குப் பயிற்சி தரும் இலங்கைப் பணிப்பாளர் நிறுவகத்தின் வகுப்புகளைத் தெரிவுக்குப் பிறகு பயன்படுத்தலாம், ஆள் பிடிக்கும் இடமாக அல்ல.

பழைய மாணவர் சங்கங்களும் றோட்டரியும்

கொழும்பு இந்து, இராமநாதன், சைவ மங்கையர், விவேகானந்தா, றோயலின் தமிழ்ப் பிரிவு, யாழ்ப்பாணக் கல்லூரிகளின் கொழும்புக் கிளைகள் என்று பழைய மாணவர் வட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி போட்டால் அன்று மாலையே மூன்று பெயர் வரும். நம்பிக்கையும் சேர்ந்தே வரும், அதுதான் அதன் பலம். பலவீனமும் அதுவே. ஒரே பாடசாலை, ஒரே ஊர், ஒரே தலைமுறை, பெரும்பாலும் ஆண்கள். பயனாளிகள் மலையகத்திலிருந்து வந்து வீட்டுவேலை செய்யும் பெண்களாகவோ, மட்டக்குளிப் பக்கத்தில் "தோட்டம்" எனப்படும் நெருக்கமான நகரக் குடியிருப்புகளில் வாழும் முஸ்லிம் குடும்பங்களாகவோ இருந்தால், அவர்களின் வாழ்க்கையைத் தெரிந்த ஒருவர்கூட இல்லாத சபை உருவாகிவிடும். இது ஒழுங்குப் பிரச்சினை மட்டுமல்ல. அப்படிப்பட்ட சபை எடுக்கும் தீர்மானங்கள் களத்தில் பிழைக்கும். குழுவில் கேட்பதில் தவறில்லை, ஆனால் ஒரே வலையமைப்பிலிருந்து இரண்டு பேருக்கு மேல் எடுப்பதில்லை என்று சபை முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும்.

றோட்டரிக் கழகங்களின் ஆண்டு யூலை 1இல் தொடங்குகிறது. யூன் 30இல் பதவி முடிக்கும் தலைவர்களும் பொருளாளர்களும் கூட்டம் நடத்தப் பழகியவர்கள், அப்போது கை ஓய்ந்திருப்பவர்கள். மே மாதத்திலேயே பேசி வையுங்கள்.

கம்பனிச் செயலாளர் நிறுவனங்கள்: காசு கொடுக்க வேண்டிய இடம்

2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ், உத்தரவாதத்தினால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகப் பதிந்திருந்தால் இந்தச் சேவையில் சிக்கனம் பார்க்காதீர்கள். புதிய பணிப்பாளர் (கம்பனியில் சபை உறுப்பினருக்குச் சட்டம் தரும் பெயர்) தமது சம்மதத்தையும், தமக்குத் தகுதியின்மை ஏதுமில்லை என்பதையும் படிவம் 18இல் கையொப்பமிட்டு உறுதிசெய்ய வேண்டும். மாற்றம் நடந்து 20 வேலை நாட்களுக்குள் படிவம் 20ஐக் கம்பனிப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். பழையவர் விலகியதும் புதியவர் வந்ததும் அதில் பதிவாகும். நல்ல செயலாளர் நிறுவனம், நியமனத் தீர்மானத்தின் வாசகத்தை நிறுவனத்தின் யாப்போடு, அதாவது அதன் அமைப்பு விதிகளோடு, ஒப்பிட்டுத் தானே தயாரித்துத் தரும். "இவரைச் சேர்க்கச் சபைக்கு அதிகாரம் உண்டா, பொதுக்கூட்டந்தான் தெரிவுசெய்ய வேண்டுமா?" என்று அது கேட்கவில்லையானால், வேறு இடம் பாருங்கள்.

தாமதமாவது பெரும்பாலும் பெயர் எழுத்தால்தான். தந்தை பெயரின் முதலெழுத்து முன்னால் வருவது, கடவுச்சீட்டில் அதே பெயர் விரிந்து குடும்பப் பெயராக நிற்பது, பழைய அடையாள அட்டையில் ஆங்கில எழுத்தே இல்லாதது. மூன்று ஆவணத்தில் மூன்று எழுத்துக்கூட்டல் இருந்தால் பதிவாளரிடம் போனதும் வங்கியிடம் போனதும் பொருந்தாது. முதல் சந்திப்பிலேயே அடையாள அட்டை, கடவுச்சீட்டு ஆகியவற்றின் பிரதிகளை வாங்கி, எந்த எழுத்துக்கூட்டல் எல்லாப் பத்திரத்திலும் வரும் என்று ஒன்றை முடிவுசெய்யுங்கள்.

1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டத்தின் கீழ் பதிந்த சங்கமென்றால் பாதை வேறு. பதிவு எந்த மட்டத்திலோ அந்தச் செயலகத்துக்குப் புதிய உத்தியோகத்தர் விபரமும் கூட்டறிக்கையின் பிரதியும் போக வேண்டும். நம்பிக்கைப் பொறுப்பாக அமைந்திருந்தால் நம்பிக்கை உறுதியில் என்ன எழுதியிருக்கிறதோ அதுவே விதி. உறுதியை வாசிக்காமல் எந்தச் சேவையாளரும் சொல்லும் ஆலோசனையை ஏற்க வேண்டாம்.

பொருளாளர் மாறும்போது வங்கிதான் கடைசி வாயில். சான்றுப்படுத்திய படிவம் 20, சபைத் தீர்மானம், அடையாள அட்டை, முகவரி ஆதாரம் எல்லாம் கேட்பார்கள். புதியவரின் கையொப்பத்தை ஏற்றுக்கொண்டதாக வங்கி எழுத்தில் சொல்லும்வரை பழையவரின் பெயரை நீக்க வேண்டாம். இந்த வரிசையை மாற்றியவர்கள், மாத முடிவில் ஊழியருக்குச் சம்பளக் காசோலை எழுத ஆளில்லாமல் நின்றிருக்கிறார்கள்.

யாரும் விற்காத பகுதி

மேலே சொன்ன எந்தச் சேவையும் ஆள் உங்களுக்குப் பொருந்துவாரா என்று சொல்லாது. அதை நீங்களே செய்ய வேண்டும். இருக்கும் உறுப்பினர் இருவரும் வெளியாள் ஒருவரும் சேர்ந்து 45 நிமிடம் பேசுங்கள். நிறைவேற்றுப் பணிப்பாளர் தகவல் சொல்ல இருக்கலாம், தெரிவுசெய்யக் கூடாது. தம்மை மேற்பார்வை செய்பவரைத் தாமே பொறுக்கும் முறை பின்னால் பெரிய சங்கடத்தைத் தரும். சபைக்கு வர இருப்பவர் முன்பிருந்த சபையின் செயலாளரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: கடைசி ஒரு வருடத்தில் எத்தனை கூட்டத்துக்கு வந்தார்? குணநலன் பற்றிப் பத்து வரி வாங்குவதைவிட இந்த ஒரு எண் உதவும்.

வருபவருக்கும் உங்களைச் சோதிக்க உரிமை உண்டு. அவர் கேட்கும் முன்பே ஒரு பொதி கொடுங்கள்: யாப்பு, இரண்டு வருடக் கணக்காய்வு அறிக்கையும் கணக்காய்வாளர் முகாமைக்கு எழுதிய கடிதமும், கடைசி மூன்று கூட்டறிக்கை, நடக்கும் வழக்குகள், வங்கிக் கணக்குகளின் பட்டியல். ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரின் 8 சதவீதமும் நிறுவனத்தின் 12 சதவீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நிறுவனத்தின் 3 சதவீதமும் கட்டிய பற்றுச்சீட்டுகளையும் சேருங்கள். இந்த நிலுவைக்குப் பணிப்பாளர்களும் பதில் சொல்ல வேண்டி வரும் என்பதால் விபரமறிந்தவர் முதலில் இதைத்தான் பார்ப்பார். அரசின் அல்லது வெளிநாட்டின் நிதியில் பெருமளவு தங்கிப் பொதுமக்களுக்குச் சேவை தரும் நிறுவனமென்றால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் அந்தச் சேவை பற்றிய தகவலுக்குப் பொருந்தும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

நேரடியாகச் சபையில் அமர்த்த வேண்டாம். மூன்று மாதம் ஓர் உபகுழுவில், நிதியோ கட்டட வேலையோ ஏதோ ஒன்றில், வாக்குரிமையில்லாமல் வேலை செய்யட்டும். வார நாள் மாலை 5.30க்கு வெள்ளவத்தையில் கூட்டம் வைத்தால் காலி வீதி நெரிசலில் யார் வருவார், யார் சூமில் முகம் காட்டாமல் இருப்பார் என்பது அந்த மூன்று மாதத்தில் தெரிந்துவிடும். தெரிவிலிருந்து வங்கிக் கையொப்பம் வரை பன்னிரண்டு வாரம் வையுங்கள். சித்திரைப் புத்தாண்டு வாரத்தையும் மார்கழிப் பிற்பகுதியையும் அதற்குள் எண்ண வேண்டாம்.

பொருந்தாமல் போனால் விலகும் முறையையும் முதல் நாளே சொல்லிக் கொடுங்கள். "நான் இனி இல்லை" என்று வட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போட்டுவிட்டுப் போவது போதாது. கம்பனியென்றால் கையொப்பமிட்ட கடிதம் பதிவு அலுவலகத்துக்கு வர வேண்டும். அது வந்து பதிவாகும் வரை பதிவாளரின் ஏட்டில் அவர்தான் பணிப்பாளர்.